பூஜை போட்ட மிஷின்

பெட்ரோல் ரம்பத்தைக் கையில் தொங்கவிட்டபடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது, இன்ஸ்பெக்டர் மேடம். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். தரையில் வைக்க வேண்டும். பின்பிடிக்குள் வலது காலை நுழைத்து மிதித்துக்கொள்ள வேண்டும். இடது கையால் முன்பிடியை அழுத்திக்கொண்டு, வலது கையால் கயிற்றை இழுக்க வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். இதையும் எழுதிக்கொள்கிறீர்களா? எழுதிக்கொள்ளுங்கள், யாருக்காவது உதவும்.

என் பெயர் தங்கவேல். வயது ஐம்பத்து நான்கு. ஆற்றோரத்தில் பிறந்தவன், இப்போது பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடி. அடையாறில் ஒரு கான்ட்ராக்டரிடம் இருபத்திரண்டு வருடமாக மரம் வெட்டுகிறேன். பதினோரு வருடம் முன்னால் கோயம்புத்தூருக்கு இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்கு என்னை மட்டும்தான் அனுப்பினார்கள். அந்த சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி வீட்டில் மாட்டியிருக்கிறேன், என் மகள் ஜோதிலட்சுமியின் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில். போட்டோவில் அவள் பக்கத்தில் நிற்பவன் டில்லிபாபு. என் மருமகன். என் டீமில் மரம் ஏறுகிறவன். போன மாதம் விபத்து என்று எழுதி நீங்கள் மூடியது அவன் சாவு ஃபைலைத்தான்.

அது விபத்து இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

டில்லிபாபு கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், ஜோதியை ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டான். தூங்குமூஞ்சி மரத்தில் பல்லி மாதிரி ஏறுவான். ஆனால் ஒரு விதியையும் மதிக்க மாட்டான். ஹெல்மெட்டைக் கிளையில் மாட்டிவிட்டு அதில் பீடிக்கட்டு வைத்திருப்பான். ஒற்றைக் கையில் மிஷினைப் பிடித்து அறுப்பான். அதைவிட மோசம், பிளேடின் நுனியால் அறுப்பான். நுனியின் மேல்பக்கம் கட்டையில் பட்டால் மிஷின் நம் முகத்துக்கே திரும்பி வரும். நாங்கள் அதை உதை என்போம். கண் இமைக்க நேரம் இருக்காது. அதற்காகத்தான் முன்பிடிக்கு மேலே ஒரு கைக்காப்பு இருக்கிறது. உதைக்கும்போது மணிக்கட்டு அதில் மோதும், உள்ளே இருக்கிற இரும்புப் பட்டை இறுகும், சங்கிலி அந்த இடத்திலேயே நிற்கும். அதுதான் செயின் பிரேக்.

தினமும் மிஷினை மேலே அனுப்பும் முன் சங்கிலியை ஓடவிட்டு, கைக்காப்பைத் தள்ளி, நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தினமும் நான்தான் பார்ப்பேன். தினமும் அவன் மேலே இருந்து கத்துவான்.

"இன்னா சேப்டி மாமா, ஜாதகம் பாத்துக்கினு கீறியா? சீக்கிரம் அனுப்பு, மரம் வளந்துக்கினே போவுது!"

கீழே எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மருமகன் சொல்கிறான், சிரிக்காமல் என்ன செய்வது? சேப்டி மாமா என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. டீக்கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அவனுக்கு ஒரு பயம் வரவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். தோளில் நாலு தையல், ஒரு வாரம் வீட்டில் படுக்கை. அதற்குப் பிறகு காலம் முழுக்க ஒழுங்காக இருப்பான். ஜோதிக்கு ஆறாவது மாதம். குழந்தைக்கு அப்பா வேண்டும் இல்லையா? அந்தக் கவலை எனக்கு இருந்தது.

ஆயுத பூஜையன்று மதியம் ஷெட்டில் எல்லா மிஷினையும் கழுவுவோம். அந்த வேலை என்னுடையது. சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாழையிலையில் வரிசையாகப் படுக்க வைப்போம். மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. விஜயதசமியன்று இலையிலிருந்து எடுத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, நேராக மரத்துக்குப் போக வேண்டும். முதல் வெட்டுக்கு முன் ஓட்டிப் பார்த்துச் சோதிப்பது எங்களிடம் வழக்கம் இல்லை. அம்மன் கையில் வாங்கிய பொருளைச் சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடும். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நானும் பார்க்க மாட்டேன். இந்த வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஆனால் மீறியதும் இல்லை.

டில்லியின் மிஷினைக் கழுவும்போது பக்க மூடியைத் திறந்து உள்ளே இருந்த பட்டையைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கைக்காப்பைத் தள்ளினால் டக் என்று சத்தமும் வரும். பிறகு அதற்கும் சந்தனம் வைத்தேன். கற்பூரம் காட்டும்போது டில்லி என் பக்கத்தில்தான் கை கூப்பி நின்றான்.

மறுநாள் காந்தி நகரில் கல்யாணராமன் என்ற பெரியவர் வீடு. மழைக்கு முன்னால் மாடியில் சாய்ந்திருந்த பெரிய கிளையை எடுக்க வேண்டும். அவர் மனைவி கோமளம் அம்மாள் வாசலுக்கு வந்து, "நல்ல நாளும் அதுவுமா ஏத்தி விடறேள். பாத்துண்டு பண்ணுங்கோ, சின்னப் பிள்ளையா இருக்கான்" என்றார். எனக்குக் காபி கொடுத்தார். நல்ல காபி.

டில்லி ஏறினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அறுத்துக்கொண்டிருந்த கிளைக்குப் பின்னால் இலை மறைவில் இன்னொரு கொப்பு இருந்திருக்கிறது. நுனி அதில் பட்டது. மிஷின் உதைத்தது. பிரேக் இருந்திருந்தால் நின்றிருக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. பெல்ட்டில் தொங்கினான். நாங்கள் கயிற்றைத் தளர்த்தி இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோமளம் அம்மாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் பின்னால் எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. மிஷினைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டின் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். இரண்டு நட்டுதான். பையில் இருந்த பட்டையைத் திரும்ப மாட்டினேன். அதனால்தான் நீங்கள் வந்து பார்த்தபோது பிரேக் சரியாகப் பிடித்தது. பிறகு கை கழுவினேன். பசித்தது. எனக்கே அது தப்பாகப் பட்டது, ஆனால் பசித்தது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதற்காக நான் செய்யவில்லை. அதைத் தனியாக எழுத வேண்டாம்.

இரண்டு வருடம் முன்னால் ஒரு புயலுக்கு அடுத்த நாள், கோட்டூர்புரத்தில் பாதி சாய்ந்து நின்ற ஒரு மரத்தில் ஏறி வெட்டிக்கொண்டிருந்தோம். சுப்புராயன் என்று எங்களுடைய கயிறு பிடிக்கிற ஆள். கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் நான் ஒரு கிளையை விட்டேன். காலையிலிருந்து பதினேழு மரம், எனக்குக் களைப்பு. சுப்புராயனுக்கு இடுப்பு போயிற்று. இப்போது தேனாம்பேட்டையில் ஒரு ஆபீஸ் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறான். அவன்தான் குறுக்கே வந்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். சுப்புராயனே அப்படித்தான் நம்புகிறான். மேலே இருந்து பார்த்தவன் டில்லி ஒருத்தன்தான்.

அன்று சாயங்காலம் என் தோளில் கை போட்டுச் சொன்னான்: "வுடு மாமா. யாராண்டயும் சொல்ல மாட்டேன். உனக்கும் வயசாவுதுல்ல?"

சொல்லவும் இல்லை. ஜோதியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு தடவைகூடக் குத்திக் காட்டவில்லை. எப்போதும் போல சேப்டி மாமா என்று கூப்பிட்டான், எப்போதும் போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு எரிந்தது. அவன் ஒரு தடவை சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேற்று ஜோதி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். அவள் என்னை நைனா என்பாள்.

"நைனா, அன்னிக்குக் காலைல என் வயித்துல கைய வெச்சு சத்தியம் பண்ணாரு. இனிமே எல்லாம் மாமா சொல்றாப்லதான் செய்வேன், மிஷின செக் பண்ணாம ஏற மாட்டேன்னாரு. உன்னாண்ட கேட்டாரா?"

"கேக்கலம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

கேட்டான், மேடம். அன்று மரத்தடியில் அவன் ஹெல்மெட் போட்டு, தாடைக்குக் கீழே வாரை இறுக்கிக்கொண்டு நின்றான். கையுறை போட்டிருந்தான். மேலே போய் இரண்டு கையாலும்தான் பிடித்து அறுத்தான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏறுவதற்கு முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: "மாமா, பிரேக்கு ஒரு தபா செக் பண்ணிக்கலாமா? ஜோதி சொல்லி அனுப்பிச்சா."

பதினோரு வருடத்தில் என் டீமில் ஒருத்தனும் தானாகக் கேட்காத கேள்வி அது.

"பூஜை போட்ட மிஷினுடா" என்றேன். "சந்தேகப்படக் கூடாது. ஏறு."

அவன் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினான்.

பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். கொக்கியைப் பார்த்தேன், கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.