வாக்கியம் எப்போது வரும்

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை; அதனால்தான் கவிதை எழுத ஆரம்பித்தேன். மற்றபடி நான் மூக்குக்கண்ணாடி விற்பவன், யார் வம்புக்கும் போகாதவன்.

தையல்கடை மாடியில் கூடுவோம். தையல்காரர், வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, பேருந்து ஓட்டுநர், நான். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கருத்துச் சொல்வோம். எல்லாம் சோதனை முயற்சிகள். தையல்காரர் ஒருமுறை உயிரெழுத்துகளையெல்லாம் கத்தரித்துவிட்டு மிச்சத்தைப் படித்தார். இருமல் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

நான் ஆய்த எழுத்தை மட்டுமே வைத்து நான்கு பக்கம் எழுதியிருந்தேன். ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிக் காட்டினேன்.

"புரியல சார். ஆனா நல்லா இருக்கு" என்றார் வங்கி அம்மா.

அதோடு விட்டிருக்கலாம். ஓட்டுநர் தாடையைச் சொறிந்தார்.

"இத்தனை புள்ளி வச்சிருக்கீங்களேண்ணே, வாக்கியம் எப்ப வரும்?"

தையல்காரர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். விமர்சனத்தை ஏற்கும் பக்குவம் எனக்கு உண்டு.

பிறகு ஓட்டுநர் தன்னுடையதைப் படித்தார். 'இறங்கு', 'இரங்கு' என்று இரண்டே சொற்கள். அதட்டலாக ஆரம்பித்துக் கெஞ்சலாக முடிந்தது. வங்கி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை படிங்கண்ணே" என்றார். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அந்த வாரமே ஓட்டுநர் புதுக் கண்ணாடிக்காக என் கடைக்கு வந்தார். பவரைக் கொஞ்சம் மாற்றிப் போட்டேன். அடுத்த கூட்டத்தில் படிக்கும்போது இரண்டு வரி தடுமாறட்டும் என்றுதான். வேறு நோக்கம் இல்லை, ஐயா.

மாட்டிப் பார்த்துவிட்டு வாசலில் நின்றார். "தெரு நெளியுதேண்ணே."

"புதுசுன்னா அப்படித்தான் இருக்கும். கழட்டாம போட்டுக்கங்க, பழகிடும்."

நல்ல மனிதர். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, பாலத்து வளைவில் பேருந்து திரும்பவில்லை. நிற்கவும் இடமில்லாத கூட்டமாம், செய்தியில் பார்த்தேன். மிகவும் வருந்தினேன். இரங்கல் கூட்டத்தில் நான்தான் முதலில் கவிதை படித்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அளவுக்கு மனதைத் தொட்டிருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. அவருக்குக் கிட்டப்பார்வை. தூரத்தில் இருப்பதைப் பார்க்கத்தான் கண்ணாடி வேண்டும். கவிதை படிக்கும்போது கழற்றி வைத்துவிடுவார். ஆமாம், தெரியும். இத்தனை வருடமாக அவர் கண்ணைச் சோதித்தவன் நான்தானே.