இருபத்திரண்டு நாள் காது

சாயாவில் சர்க்கரை கொஞ்சம் குறைவுதான், ஏட்டையா. பரவாயில்லை, எதிலும் குறை காண்கிற ஆளில்லை நான். எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தாணப்பன். நாகர்கோவிலில் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். அணிகலன் கண்காட்சிக் கமிட்டியின் காரியதரிசியும் நான்தான்.

என் மனைவி அழகியநாயகி கல்யாணமாகி வந்தபோது அவள் காது தோளைத் தொடும். அதில் தங்கப் பாம்படம் ஆடும். நாற்பத்தொன்பதாம் வருஷம் எனக்குத் திருவனந்தபுரத்துக்கு மாற்றலானது. அங்கே பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைப் பார்த்துப் 'பாண்டிக்காரி' என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. டாக்டரிடம் கூட்டிப்போய்த் தொங்கும் காதை அறுத்துத் தைத்து, சின்னக் கம்மல் போட்டுவிட்டேன். மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள் மலையாளத்தில் பேரம் பேசி மீன் வாங்க... இல்லை, நாங்கள் சைவம், காய்கறி வாங்கினாள். யாரும் எங்களைத் தமிழர் என்று இனம் கண்டுகொள்ளவில்லை. நிம்மதியாக இருந்தது.

போன மாதம் நம் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததல்லவா, அந்தச் சந்தோஷத்தில்தான் கண்காட்சி. ஊர் திரும்பியிருந்த நான் கமிட்டிக் கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு, "நம்முடைய அடையாளமே நம் வீட்டுப் பெண்களின் காதுதான்" என்று பேசிவிட்டேன். கைதட்டல் அடங்கவில்லை. தலைவர் கணபதியப்பன் பிள்ளை என் மனைவியைக் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி. அங்கேயே நோட்டீஸ் எழுதினார்: 'காரியதரிசியின் துணைவியார், பாம்படம் அணிந்த நீள்காதுகளோடு நேரில் காட்சி தருவார்.' ஆயிரம் நோட்டீஸ் அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. திறந்துவைக்கச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரியும் வருகிறாராம். அறுத்த கதையை இனி எந்த முகத்தோடு சொல்வது? கையில் இருந்தது இருபத்திரண்டு நாள்.

தைத்த காதை மறுபடி கீறித் துளையிட டாக்டர் மாட்டேன் என்றார். ஆகவே நானே செய்தேன். டிராயிங் தாள் வெட்டுகிற பிளேடை மூன்று தடவை வெந்நீரில் கழுவினேன். சுத்தம் முக்கியம். இராஜாக்கமங்கலத்துக்குப் போய், மீன்வலையில் கட்டுகிற ஈயக்கட்டிகள் வாங்கிவந்து, தினம் ஒன்றாகக் கூட்டித் தொங்கவிட்டேன்.

"அறுக்கச் சொன்னதும் நீங்க, வளக்கச் சொல்லுகதும் நீங்க. இது எனக்க காதா, உங்களுக்க காதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நம்ம காதுட்டி," என்றேன். பிரியமாகத்தான் சொன்னேன்.

கண்காட்சியில் அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் பாம்படத்தை மாட்டி, பக்கத்தில் அட்டை வைத்தேன்: 'நாஞ்சில் நாட்டுத் தொன்மையான காது.' அதிகாரி குனிந்து பார்த்துப் பூரித்துப்போனார். இது எத்தனை காலத்து வழக்கம் என்று கேட்டார். ஆதிகாலந்தொட்டு என்றேன்.

அவள் நிமிர்ந்து, "ஏழு வருசம் முந்தி இவியதான் ஐயா அறுத்துவிட்டது. இப்ப இவியதான் இழுத்துவிட்டது. நான் வீட்டுக்குப் போறேன்," என்று எழுந்தாள்.

மைத்துனன் ஐயப்பன் கொடுத்த புகாரில், பாம்படத்தின் கனம் தாங்காமல் காது அறுந்தது என்று இருக்கிறது. அதைத் திருத்திக்கொள்ளுங்கள், ஏட்டையா. காது நன்றாகவே தாங்கியது. என் வேலை அவ்வளவு மோசமில்லை. அத்தனை பேர் முன்னால் அவள் நடக்க ஆரம்பித்ததால் பிடித்து உட்காரவைக்க நினைத்தேன். கைக்கு எட்டியது பாம்படம்தான். இரண்டு கையாலும் பிடித்தேன். அவள் நிற்கவில்லை. நானும் விடவில்லை.

கத்தாமல், திரும்பிப் பார்க்காமல் அவள் போய்விட்டாள். அதிகாரியிலிருந்து கமிட்டிக்காரர்கள் வரை எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிந்தது. உடனே கையோடு வந்ததை வேட்டித் தலைப்பால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். பாம்படத்தில் ஒரு கீறல்கூட இல்லை.