சாம்பல் ராஜன் பாட்டில் ஒரு திருத்தம்

கம்பி: அதில்லடா. ரெண்டாவது பாட்டுல மூணாவது வரி. நீ என்ன பாடுறே? அதைச் சொல்லு மொதல்ல.

தொண்டை: நீ எழுதிக் கொடுத்ததைத்தான்.

கம்பி: நான் என்ன எழுதிக் கொடுத்தேன்?

தொண்டை: ...சாம்பல்... ராஜன்... அந்த மாதிரி.

கம்பி: "சாம்பலின் ராஜனே, எலும்பை உடுத்தி எழுந்து வா."

தகரம்: எலும்பா? நான் இத்தனை நாளா எலுமிச்சைன்னு நெனச்சு அடிச்சிட்டிருக்கேன்.

கம்பி: நீ டிரம்ஸை மட்டும் அடி.

தகரம்: இன்னும் அரை மணி நேரத்துல மேடை. நம்ம மூணு பேருக்கும் வாழ்க்கையிலேயே மொத மேடை. மாட்டுக் கண்காட்சில, தீவன மூட்டைக்குப் பின்னாடி உக்காந்து பாட்டு வாத்தியார் மாதிரி பரீட்சை வைக்கிறான்.

தொண்டை: அதானே. மைக்ல அறிவிக்கிறவன் வேற நம்ம பேண்ட் பேரைக் கெடுக்கிறான். "இரும்புச் சாபம்"னு எழுதிக் கொடுத்தா "இரும்புச் சாமான்"னு வாசிக்கிறான். ஒருத்தர் வந்து பழைய அண்டா எடுத்துக்குவீங்களான்னு கேட்டுட்டுப் போறார்.

தகரம்: எங்க பட்டறைக்கு அனுப்ப வேண்டியதுதானே! பெட்டி செய்யத் தகரம் பத்தலைன்னு அப்பா...

கம்பி: பேச்சை மாத்தாதீங்க. மூணு மாசமா இவன் அந்த வரியைப் பாடவேயில்ல.

தொண்டை: யார் சொன்னா? நான் பாடறதே உறுமல். அதுல யாருக்குடா வார்த்தை புரியுது? போன மாசம் அவசரத்துல பாட்டுத் தாளுக்குப் பதிலா எங்க நூலகத்துப் புத்தகப் பட்டியலை எடுத்துட்டு வந்துட்டேன். அதையே முழுசாப் பாடி முடிச்சேன். நீதான் "இன்னிக்கு உணர்ச்சி பிச்சுக்கிச்சு"ன்னே.

தகரம்: அது புத்தகப் பட்டியலா? நான் அழுதேன்டா!

கம்பி: கேக்கறவங்களுக்குப் புரியாது. பாக்கறவங்களுக்குப் புரியும்.

தகரம்: யாரு பாக்கறா? நம்ம பிராக்டிஸுக்கு வர்றதே ஒரே ஆள், உங்க அக்கா. அவங்களுக்குத்தான் காது கேக்காதே. அவங்க எப்பவும் உதட்டைப் பாத்துதான்... ஐயையோ.

கம்பி: விஷயத்துக்கு வந்துட்டான். கொஞ்சம் லேட்டு.

தகரம்: நான் அவங்க அதிர்வுக்காக வர்றாங்கன்னுல்ல நெனச்சேன்! கை வச்சா நல்லா அதிரட்டும்னு மெல்லிசுத் தகரத்துல தனியா ஒரு பெட்டி செஞ்சு போட்டிருக்கேன்!

தொண்டை: மச்சான்...

கம்பி: அந்த வார்த்தையை இனிமே யோசிச்சுச் சொல்லு.

தகரம்: அப்படி என்னதான்டா பாடினே?

கம்பி: சொல்லு. உறுமாம சொல்லு.

தொண்டை: மொத மாசம்... "சௌக்கியமா"ன்னு மட்டும்தான்.

தகரம்: ரெண்டாவது பாட்டுலயா? அங்க நான் ரெண்டு காலாலயும் மிதிச்சு உயிரை விட்டுட்டிருக்கேன், நீ குசலம் விசாரிச்சிட்டிருந்தியா?

தொண்டை: அவங்க சிரிச்சாங்க. அப்புறம் ஒருநாள், "அச்சகத்துல இன்னிக்கு வேலை ஜாஸ்தியா"ன்னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டினாங்க.

தகரம்: தாளம் பிடிச்சுப்போய் ஆட்டறாங்கன்னு நான் வேகத்தைக் கூட்டினேனே!

கம்பி: நேர்ல பேச வேண்டியதுதானே?

தொண்டை: நாள் முழுக்க "உஷ், மெதுவா"ன்னு சொல்ற வேலை. பேசினா எனக்கு உதடே அசையறதில்ல. அவங்ககிட்ட ஒரு தடவை பேசிப் பாத்தேன். பாவம், கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாத்தாங்க. ஒண்ணும் பிடிபடல. உறுமறப்பதான் வாய் ஒழுங்காத் தொறக்குது.

கம்பி: சரி. போன வாரம் என்ன கேட்டே?

தொண்டை: "உங்க அம்மாகிட்ட வந்து பேசட்டுமா"ன்னு கேட்டேன்.

தகரம்: டேய்! இவன் அக்காவை, இவன் எழுதின பாட்டுலயே, இவன் கிட்டார் வாசிக்க வாசிக்க... நாம மெட்டல் பேண்டா, இல்ல கல்யாணத் தரகு ஆபீஸா?

தொண்டை: அவங்க சட்டுனு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நாலு நாளா வரல. எனக்குச் சாப்பாடு இறங்கல. ஏதாவது சொன்னாங்களாடா? தப்பா நெனச்சுட்டாங்களா?

கம்பி: ஒண்ணும் சொல்லல. இதை உன்கிட்ட கொடுக்கச் சொன்னா.

தகரம்: நம்ம பாட்டுத் தாளு! என்னடா இது, ஒரே சிவப்பு மை?

கம்பி: பிழை திருத்தறது அவ வேலை. மருந்துச் சீட்டைக்கூடத் திருத்தாம மடிக்க மாட்டா. மூணாவது வரியைப் பாரு.

தொண்டை: "எலும்பை உடுத்தி"யை அடிச்சிருக்காங்க.

தகரம்: நல்லதாப் போச்சு.

கம்பி: ஓரத்துல?

தொண்டை: "உங்கள் அப்பாவிடம் வந்து பேசட்டுமா?" கேள்விக்குறியைச் சுத்தி வட்டம். கீழ... "இப்படியே அச்சிடலாம்"னு எழுதிக் கையெழுத்து.

தகரம்: அச்சிடலாம்னா?

கம்பி: இனிமே மாத்த ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். அவ அதை லேசுல எழுதிட மாட்டா. கல்யாணப் பத்திரிகையையே நாலு தடவை திருப்பி அனுப்பற ஆளு.

தகரம்: அடேய் தொண்டை! சரின்னுட்டாங்கடா! ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?

தொண்டை: அப்பான்னு போட்டிருக்கே.

தகரம்: போட்டா என்ன?

தொண்டை: நான் பாடினது அம்மாடா! அம்மா!

கம்பி: உதட்டுல ரெண்டும் ஒண்ணுதான். சத்தமில்லாம சொல்லிப் பாரு.

தகரம்: ...... அட, ஆமாம்!

தொண்டை: அவங்க அப்பா மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்டா. நம்ம ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினதுக்கு, "எந்த மாடு, எத்தனை நாளா வயித்துல காத்து"ன்னு கேட்ட மனுஷன்!

கம்பி: குழாய் விட்டு எடுத்துடலாம்னும் சொன்னார்.

தொண்டை: அவர்கிட்ட இதைச் சொல்லிட்டாங்களா?

கம்பி: நேத்தே எழுதிக் காட்டிட்டா. இன்னிக்கு அவருக்கு டியூட்டியே இங்கதான். மொத வரிசையில உக்காந்திருக்கார். பக்கத்துல அவ.

தொண்டை: நான் கிளம்பறேன்.

தகரம்: எங்கடா?

தொண்டை: எருமை கட்டியிருக்கிற பக்கம் வேலியில ஒரு சந்து இருக்கு.

கம்பி: இரு. அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்.

தொண்டை: என்ன?

கம்பி: "அந்தப் பையன் அவ மூஞ்சியைப் பாத்துப் பேசுவானா?" இதுவரைக்கும் பொண்ணு பாக்க வந்தவன் எல்லாம், அவ எதிர்லயே உக்காந்துக்கிட்டு என்கிட்டயும் அம்மாகிட்டயும்தான் பேசிட்டுப் போனான்.

தகரம்: இவனா? மூணு மாசமா என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பலையே!

கம்பி: என்ன சொல்லட்டும் அவர்கிட்ட?

தொண்டை: ...பாடறேன்.

தகரம்: எலும்பா, அப்பாவா?

தொண்டை: அவங்க திருத்தினதைத்தான்... ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குது. உதட்டுல ரெண்டும் ஒண்ணுன்னா, அப்பாதான்னு எப்படி முடிவு பண்ணாங்க? குத்துமதிப்பா எழுதற ஆளில்லையே அவங்க.

கம்பி: குத்துமதிப்பில்ல. "உனக்குக் காது கேக்குமே, எந்த வார்த்தை"ன்னு என்கிட்ட கேட்டா.

தொண்டை: உனக்கு... புரிஞ்சுதா?

கம்பி: அவகூட வளர்ந்தவன்டா நான். எனக்கும் உதடு படிக்கத் தெரியும். "சௌக்கியமா"விலேர்ந்து எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் இருந்தேன். அந்த "ம்மா" மட்டும் காதுலயே விழுந்துச்சு.

தொண்டை: அம்மான்னு தெரிஞ்சும் அப்பான்னு சொன்னியா? ஏன்டா பாவி?

கம்பி: அம்மான்னா யோசிக்கிறேன்னு ரெண்டு வருஷம் இழுப்பாங்க. அப்பா ஊசி போடற ஆளு, பிடிச்ச உடனே குத்திடுவார். உனக்கு முன்னாடி பாட வந்த ரெண்டு பேரும் சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டானுங்கடா... வீட்டு மாப்பிள்ளை எந்தப் பக்கம் ஓடுவான்?