கண்ணாடியில் நாலு கார் தூரம்

இல்ல மாப்பிள்ள, நான் இடிக்கல. நீங்கதான் வந்து விழுந்தீங்க. கண்ணாடியில பார்த்தப்போ நான் தள்ளித்தான் வந்துட்டிருந்தேனா? ஆமாமா, இந்த கார் ரேஸ் கேம் கடைக்கு வர்ற அத்தனை பேரும் அதையேதான் சொல்றாங்க. எழுந்திரிக்காதீங்க, உட்காருங்க. உங்க ஆபீஸ் சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் அரை மணி இருக்கு. நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? பாப்பாவை ஏன் நாலு நாளா ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகல, பேத்தியை விட இந்த பொம்மைக் கார் பெருசாப் போச்சா, அதுதான? என் மக இதே வார்த்தையிலதான் கேட்டு அனுப்பியிருப்பா. சொல்றேன். பாப்பா சரியா சாப்பிடலங்கிறதும் காதுல விழுந்துச்சு. அதுக்கும் வர்றேன். முதல்ல இன்னொரு ரேஸ் ஓட்டுங்க.

ஸ்டியரிங்கை என்ன, சல்லடை புடிக்கிற மாதிரி புடிக்கிறீங்க? இறுக்கிப் புடிங்க. பிரேக் பெடல் லேசா ஆடும். கவுன்டர்ல இருக்கிற பொண்ணுகிட்ட மூணு தடவை சொல்லிட்டேன், டேப் ஒட்டி வெச்சிருக்கு, மகராசி. பச்சை விழுந்துருச்சு, போங்க போங்க.

இப்ப நான் உங்களுக்குப் பின்னாடி வர்றேன். கண்ணாடியைப் பார்த்துட்டு சொல்லுங்க, நான் எவ்ளோ தூரத்துல இருக்கேன்? நாலு கார் தூரமா? கிழிஞ்சுது. ஒண்ணரை. நம்பிக்கை இல்லன்னா லேசா பிரேக்கைத் தொடுங்க. ம், கேட்டுச்சா சத்தம்? அது உங்க பம்பர்.

கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ள. ஆபீஸ்ல நீங்க பெரிய ஆளா இருக்கலாம், உள்ள நுழைஞ்சா இருபது பேர் எழுந்து நிக்கலாம். இங்க நீங்க கைநாட்டு. நீங்க மட்டுமில்ல, எல்லாரும்தான். ஒரு பல் டாக்டர் வர்றார். சொந்தமா கையுறை, சொந்தமா ஷூ, பார்க்க என்னவோ கப்பை வாங்கப் பொறந்தவர் மாதிரி இருப்பார். அடுத்தவன் வாய்க்குள்ள கடைசிப் பல்லைக் குட்டிக் கண்ணாடியில பார்த்தே நோண்டுறவர், பின்னாடி வர்ற காரைக் கண்ணாடியில பார்க்கத் தெரியல. கேட்டா, அவருக்குப் பக்கத்துல வண்டி வந்தா திரையில சிவப்பு அம்பு காட்டணுமாம், அந்த வசதியைப் போட்டு வெச்சிருக்கார். ரோட்ல எவன் சார் அம்பு காட்டுவான்னேன். அன்னையிலருந்து என்கூடப் பேசறதில்ல. இங்க என்னைய பெருசுன்னுதான் கூப்புடுறானுங்க. கூப்பிட்டுக்கட்டும். அந்த போர்டுல முதல் அஞ்சு பேர்ல பெருசு எத்தனாவதுன்னு திரும்பிப் பாருங்க. பார்த்தாச்சா? சரி, ரோட்டைப் பாருங்க, இடிக்கப் போறீங்க.

அது கண்ணாடியே இல்ல மாப்பிள்ள. திரையில ஒட்டின படம். அகலமா காட்டணும்னு ஊரையே அதுக்குள்ள திணிச்சு வெச்சிருக்கான். திணிச்சா எல்லாம் சுருங்கத்தான செய்யும்? கார் சின்னதாத் தெரிஞ்சதும் உங்க மண்டை, ஆஹா தூரத்துல வர்றான், நமக்கென்னன்னு காலாட்டிக்கிட்டு உட்கார்ந்துக்குது. நிஜக் கண்ணாடின்னா கதை வேற. ரெண்டு கண்ணும் ஆளுக்கொரு பக்கமா பார்த்து, இது கிட்ட, இது எட்டன்னு பிரிச்சுச் சொல்லிரும். இங்க ரெண்டு கண்ணுக்கும் ஒரே தட்டைப் படம். ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாருங்க. அட பொத்துங்க, யாரும் பார்க்கல. ஏதாச்சும் மாறுச்சா? மாறலல்ல? அதான். இந்தக் கடைக்குள்ள வந்துட்டா எல்லாரும் ஒத்தக்கண்ணன்தான். எனக்கு இங்க புடிச்சதே அதுதான்.

அப்போ தூரத்தை எப்படித்தான் பார்க்கறதுன்னா, காரைப் பார்க்கக் கூடாது, கண்ணாடியோட அடி விளிம்பைப் பார்க்கணும். பின்னாடி வர்றவனோட பம்பர் முழுசா தெரிஞ்சா மூணு கார் தூரம். பம்பரை விளிம்பு வெட்டிருச்சு, லைட் மட்டும் தெரியுதுன்னா ஒண்ணு. லைட்டையும் காணோம்னா ஆள் உங்க பக்கத்துல வந்துட்டான்னு அர்த்தம். அப்போ கண்ணாடி துடைச்சு வெச்ச மாதிரி காலியா இருக்கும். நீங்கல்லாம் அப்பத்தான் வழி கிடைச்சுதுடான்னு திரும்புவீங்க. கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பார்த்தாலும் காலியத்தான் பார்ப்பீங்க.

இதுல இன்னொரு சௌகரியம், இந்த ரேஸ்ல எல்லாக் காரும் ஒரே அச்சு. நீளம், அகலம் எதுவும் மாறாது. அதனால சின்னதாத் தெரிஞ்சா தூரம், பெருசாத் தெரிஞ்சா கிட்ட. எந்த அளவுக்கு எத்தனை அடின்னு மனசுல ஏத்திக்கிட்டா முடிஞ்சுது. எனக்கு ஏற எட்டு மாசம் ஆச்சு. பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு நேரா இங்க வந்து, கடை திறக்கிறவரைக்கும் வாசல்லயே நிப்பேன்.

என்ன கேட்டீங்க? முப்பத்தஞ்சு வருஷம் லாரி ஓட்டினவருக்கு இதெல்லாம் எதுக்கா? பரவாயில்லயே. வந்ததுலருந்து இப்பத்தான் உருப்படியா ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க. வண்டியை ஓரமா நிறுத்துங்க. எப்படியும் ஜெயிக்கப் போறதில்ல.

நான் விளையாட வரல மாப்பிள்ள, பழக வந்தேன். எனக்கு இடது கண்ணு போயி எட்டு மாசம் ஆச்சு. கூச்சல் போடாதீங்க, அந்தப் பொண்ணு பார்க்குது. ஒருநாள் காலைல எழுந்தா ஒரு பக்கம் பூரா புகை. நரம்பு செத்துருச்சு, இனி வராது, வண்டியைத் தொடாதீங்கன்னு கண் டாக்டர் சொல்லிட்டார். உங்ககிட்ட சொன்னா அன்னைக்கே கார் சாவியை வாங்கியிருப்பீங்க. வாங்கறதுதான் நியாயம். ஆனா காலைல அந்த இருபது நிமிஷம் பாப்பா என்கிட்ட பேசிட்டே வருவா. அதையும் குடுத்துட்டா அந்த வீட்ல எனக்கு என்ன வேலை? சாப்பிடறதும் டிவி பார்க்கறதுமா? பயமா இருந்துச்சு. அதான், ஒத்தக் கண்ணை வெச்சு ஓட்டப் படிச்சுக்கலாம்னு வந்தேன். படிச்சுப்புட்டேன். போர்டுல முதல் பேரு நான்தான. என் திமிரைக் கேளுங்க, இங்க ஜெயிச்சா ரோட்லயும் ஜெயிச்சிடலாம்னு நினைச்சேன்.

இந்தத் திங்கக்கிழமை ஸ்கூலுக்குத் திரும்பற இடத்துல இடது கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு சைக்கிள், இத்துனூண்டு தெரிஞ்சுது. மனசு தானா கணக்குப் போட்டுது, நாலு கார் தூரம், தாராளமா திரும்பலாம்னு. திரும்பிட்டேன். அது தூரத்துல வந்த பெரிய சைக்கிள் இல்ல மாப்பிள்ள. மடிச்சு பஸ்ல ஏத்துவாங்களே, சின்னச் சக்கரம் வெச்சது, அது. பக்கத்துலயே வந்துட்டிருந்திருக்கு. ரோட்ல எல்லாம் ஒரே அச்சாவா வரும்? இதுகூடத் தெரியாம ஒருத்தன் பல் டாக்டரை நக்கலடிச்சிட்டுத் திரியறான்.

கார் கதவு தட்டி, சைக்கிள்ல வந்த பொண்ணு விழுந்துருச்சு. பெருசா ஒண்ணும் ஆகல, முட்டியில சிராய்ப்பு. இறங்கி ஹேண்டிலை நேராக்கிக் குடுத்தேன். திட்டத்தான் வாயைத் திறந்துச்சு, பின்சீட்ல பாப்பா அழறதைப் பார்த்துட்டு திட்டாம போயிருச்சு. நாலு அறை விட்டுட்டுப் போயிருக்கலாம். அதுக்கப்புறம் நான் அந்தச் சாவியைத் தொடல. இங்க வந்ததுகூட பஸ்லதான்.

உங்க பேர்ல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. இவ்ளோ நேரம் உங்களை ஏசினதுல பாதி எனக்குச் சேர வேண்டியது. சாயங்காலம் என் மககிட்ட நானே சொல்றேன், அழுதா அழட்டும். பாப்பாவை வயித்து டாக்டர்கிட்ட காட்டப் போறதா சொன்னீங்களே, அது வேண்டாம். அவளுக்கு வயித்துல ஒண்ணுமில்ல. அன்னைக்கு கார்ல உட்கார்ந்து, வீட்ல சொல்லிடாதடா கண்ணுன்னு நான்தான் அவகிட்ட சத்தியம் வாங்கினேன். ஏழு வயசுப் புள்ள, நாலு நாளா அதை முழுங்கவும் முடியாம, துப்பவும் முடியாம வெச்சிட்டு இருக்கா. நீங்க போற வழியில ஸ்கூல்ல இறங்கி, தாத்தாவே சொல்லிட்டாருன்னு மட்டும் அவகிட்ட சொல்லிட்டுப் போங்க. சாப்பிடுவா.