வாய் வைத்த டம்ளர்

ஃப்ளோரா: ...சொல்றேன், சொல்றேன். ரிசல்ட் எங்கயும் ஓடிடாது. மொதல்ல உக்காருங்க.

காஸ்பர்: லேபுக்குள்ள போயி அவ்ளோ நேரம். வெளிய வந்து ஒரு வார்த்த பேசல. ரோட்ட தாண்டி ஓட்டலுக்கு இழுத்துட்டு வர்ற...

ஃப்ளோரா: தலைய வலிக்குது. காபி வேணும்.

காஸ்பர்: எச்.ஐ.வி. இருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லு.

ஃப்ளோரா: இன்னும் கொஞ்சம் சத்தமா கேளுங்க. பாண்டி பஜார் முழுக்க கேக்கட்டும்.

சர்வர்: இன்னா சார், இன்னா சாப்புட்றீங்க?

ஃப்ளோரா: ஒரு காபி.

சர்வர்: ஒன் பை டூவா போட்டுக்கினு வரவா?

ஃப்ளோரா: வேணாம்பா. ஒரே டம்ளர்.

காஸ்பர்: எனக்கு ஒண்ணும் வேணாம்.

ஃப்ளோரா: ஏன், பொண்டாட்டி எச்சின்னா பயமா? வீட்ல எனக்குன்னு தனி டம்ளர் இருக்கே, அத கையோட கொண்டாந்திருக்கணும்.

காஸ்பர்: அது அம்மா வச்சது.

ஃப்ளோரா: அம்மா வச்சாங்க, நீங்க பாத்துட்டு இருந்தீங்க. தட்டு தனி, டம்ளர் தனி, என் தட்டுக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர். மீன் வெட்ட கத்தியத் தொட விடல. கோயில்ல நற்கருணை அப்பத்த நாக்குல வாங்காத, கைல வாங்கு, ஃபாதர் விரல் படும்னாங்க. ஒங்கம்மாவுக்கு ஃபாதர் மேல இருக்கிற அக்கறை...

காஸ்பர்: நீயும்தான் வீட்ல வந்து சொன்ன, ஆஸ்பத்திரில ஊசி குத்திடுச்சுன்னு.

ஃப்ளோரா: நான் புருஷன்கிட்ட சொன்னேன். புருஷன் அம்மாகிட்ட சொன்னாரு.

காஸ்பர்: பயத்துல சொல்லிட்டேன்...

ஃப்ளோரா: எல்லாருக்கும் பயம்தான். எங்க மேட்ரனுக்கு மட்டும் பயம் கெடையாது, ஒழுங்குதான் முக்கியம். போட்ட ஊசிக்குத் திரும்பவும் மூடி மாட்டி, ட்ரேல அழகா அடுக்கித் தரணும். மூடாம வச்சா திட்டு. ஒரு கைல மூடி, ஒரு கைல ஊசி, கொஞ்சம் வழுக்கிச்சு... கட்ட விரல்ல ஏறிச்சு.

காஸ்பர்: அந்த பேஷண்டுக்கு எய்ட்ஸ்னு...

ஃப்ளோரா: டாக்டருக்கு முன்னாடியே தெரியுமாம். எங்ககிட்ட சொன்னா நாங்க பயந்துடுவோமாம். குத்தினப்புறம் பெரிய மனசு பண்ணி, 'ஸ்பிரிட் போட்டுக்கம்மா, மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துக்கோ'ன்னாரு. அதுக்கு ஃபீஸ் கேக்காம விட்டாரு பாருங்க, அடையாறுல அந்த மாதிரி தங்கமான டாக்டர் கெடைக்க மாட்டாங்க.

சர்வர்: இந்தாம்மா, காபி. சூடா கீது, பாத்து.

ஃப்ளோரா: ...ம். நல்லாத்தான் இருக்கு. பாத்தீங்கல்ல, வாய் வச்சுக் குடிச்சேன். இந்தாங்க, மீதி உங்களுக்கு. குடிச்சாதான் ரிசல்ட்.

காஸ்பர்: இது என்ன வெளையாட்டு ஃப்ளோரா...

ஃப்ளோரா: வெளையாட்டு இல்ல. எனக்கு மட்டும்தான் டெஸ்டா? ஹால்ல பாய் போட்டுப் படுக்குற தைரியசாலிக்கும் ஒரு டெஸ்ட் வேணாமா?

காஸ்பர்: குடு.

ஃப்ளோரா: என்ன... நெசமாவே குடிக்கிறீங்க?

காஸ்பர்: குடிச்சாச்சு. இப்ப சொல்லு.

ஃப்ளோரா: இருங்க, இருங்க. அடியில சக்கரை தங்கியிருக்கும். எனக்கு அதான் புடிக்கும், குடுங்க இப்படி.

காஸ்பர்: வேற காபி சொல்றேன்.

ஃப்ளோரா: அதையே குடுங்க.

காஸ்பர்: ஏய், டம்ளர விடு. நான் வாய் வச்சது அது.

ஃப்ளோரா: அதனால என்ன?

காஸ்பர்: எனக்கு சளி. அதான்.

ஃப்ளோரா: சளி.

காஸ்பர்: ஆமா.

ஃப்ளோரா: எனக்கு எய்ட்ஸ் இருக்கா இல்லியான்னு தெரியாது. என் எச்சிய ஒரே மடக்குல குடிச்சீங்க. ஒங்க சளி எனக்கு வந்துடக் கூடாதுன்னு டம்ளர புடுங்குறீங்க.

காஸ்பர்: கெளம்பலாம். வீட்ல போயி பேசிக்கலாம்.

ஃப்ளோரா: உக்காருங்க. எனக்கு ஊசி எப்ப குத்திச்சு?

காஸ்பர்: ஈஸ்டர் முடிஞ்சு... அடுத்த வாரம்.

ஃப்ளோரா: நீங்க பாயத் தூக்கிட்டு ஹாலுக்குப் போனது?

காஸ்பர்: அது ஈஸ்டருக்கு முன்னாடி, தவக்காலம். ஆசைய அடக்குற ஒறுத்தல்னு சொன்னேன்ல.

ஃப்ளோரா: சொன்னீங்க. சிகரெட்ட விடல, வெள்ளிக்கிழமகூட கறி கேட்டீங்க, பொண்டாட்டிய மட்டும் ஒறுத்தீங்க. நானும் லூசு மாதிரி, எங்க வீட்டுக்காரருக்கு பக்தி வந்துடுச்சுன்னு ஃபாதர்கிட்ட சொல்லிப் பெருமைப்பட்டேன். ஈஸ்டர் வந்துது. பாய் திரும்பி வரல. அதுக்குள்ள எனக்கு ஊசி குத்திச்சு... ஒங்களுக்கு வசதியாப் போச்சு.

காஸ்பர்: ஃப்ளோரா...

ஃப்ளோரா: தவக்காலத்துக்கு முன்னாடி கோடம்பாக்கத்துல, லைட்மேனுங்க எல்லாம் சேந்து ரத்ததானம் பண்ணீங்க. சர்ட்டிபிகேட் வரும், கண்ணாடி போட்டு மாட்டுவேன்னு செவுத்துல ஆணி அடிச்சீங்க. ஆணி இருக்கு. சர்ட்டிபிகேட் எங்க?

காஸ்பர்: ...கூப்ட்டு அனுப்பினாங்க.

ஃப்ளோரா: எதுக்கு?

காஸ்பர்: தனியா உக்கார வச்சு சொன்னாங்க. இருக்குன்னு. நம்பாம வேற எடத்துலயும் போயி பாத்தேன். அங்கயும் அதேதான்.

சர்வர்: வேற இன்னா வேணும்மா? போண்டா இப்பதான் எறக்கினாங்க.

ஃப்ளோரா: ஒண்ணும் வேணாம்பா... நெறைய சாப்டாச்சு.

காஸ்பர்: ராஜமுந்திரி அவுட்டோர் ஷூட்டிங் போனப்ப, ஒரு தடவ...

ஃப்ளோரா: ஊர் பேரு கேட்டனா? ஊர் ஊரா போயி வெளிச்சம் அடிச்சவருக்கு, வீட்ல மட்டும் எல்லாம் இருட்டாவே இருக்கணும்.

காஸ்பர்: திட்டு. நல்லா திட்டு.

ஃப்ளோரா: பின்ன கொஞ்சுவாங்களா? ஒங்களுக்கு இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். ஒங்கம்மா என் தட்டுல பிளீச்சிங் பவுடர் கொட்டும்போது பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சீங்க. என் ஊசிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டீங்க, இவ்ளோ பெரிய ஆம்பள.

காஸ்பர்: ஒனக்கு வந்துடக் கூடாதுன்னுதான் தள்ளிப் படுத்தேன். அது சத்தியம். ஆனா தெரியறதுக்கு முன்னாடி... நாம ஒண்ணாத்தான இருந்தோம். இன்னிக்கு ஒனக்கு இருக்குன்னு சொன்னா, குத்தினது அந்த ஊசி இல்ல. நான்.

ஃப்ளோரா: தட்டுல வராது, டம்ளர்ல வராதுன்னு நர்ஸு ஒருத்திய கேட்டிருந்தா சொல்லியிருப்பா. ஒரே வீட்லதான் இருந்தா.

காஸ்பர்: ரிசல்ட்ட சொல்லு. கால்ல வேணா விழறேன்.

ஃப்ளோரா: விழுந்துடாதீங்க. தரையெல்லாம் சாம்பாரு.

காஸ்பர்: அம்மாகிட்ட இன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிடறேன்.

ஃப்ளோரா: என்னன்னு சொல்வீங்க? ராஜமுந்திரி கதையா? தெனமும் பூசைக்குப் போற பொம்பள, கேட்டா அங்கயே உக்காந்துடும்.

காஸ்பர்: அப்ப என்னதான் பண்றது?

ஃப்ளோரா: நெகட்டிவ். ஊசியும் ஒண்ணும் பண்ணல, நீங்களும் ஒண்ணும் பண்ணல... அழாதீங்க, அந்த போண்டாக்காரன் பாக்குறான். ஒங்கம்மாவுக்கு இது தெரிய வேணாம். என் ஊசியிலேர்ந்துதான் ஒங்களுக்கு வந்துச்சுன்னு இருக்கட்டும், என் தட்டத்தான் ஏற்கெனவே ஒதுக்கி வச்சாச்சே. இப்பவாவது அந்த டம்ளர இங்க தள்ளுங்க, சக்கரை காயுது.