மேசை விரிப்பை வெட்டினது யாரு

— படத்துல அந்த மூக்கைப் பாருங்க மாமா. கத்தி மாதிரி சரிஞ்சு வருதே, அந்த மூக்கு. இந்த வீட்டுல என்னைத் தவிர வேற யாரு அப்படிப் போடுவா?

— அது மூக்கே இல்ல மாப்ள. சீசாவோட கழுத்து. உனக்கு மூக்கும் சீசாவும் ஒண்ணாத் தெரியுதுன்னா, நீ வரையலைங்கறதுக்கு வேற சாட்சியே வேணாம்.

— சீசாவுக்கு எதுக்கு மாமா ரெண்டு ஓட்டை? மூச்சு விடவா?

— க்யூபிசத்துல ஓட்டையை எண்ணக் கூடாது. மேல இருந்து பார்த்தது ஒண்ணு, பக்கத்துல இருந்து பார்த்தது ஒண்ணு. எல்லாப் பக்கத்தையும் ஒரே சமயத்துல காட்டறதுதானே நம்ம தொழிலே.

— ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா? மியூசியம் மேடம் முன் ரூம்ல உக்காந்திருக்காங்க. ரெண்டாவது டீயும் குடிச்சாச்சு. இனிமே குடுக்கறதுக்கு என்கிட்ட வெந்நீர்தான் இருக்கு.

— அக்கா, மாமாகிட்ட நீயே சொல்லேன்.

— நான் சொன்னா யாருடா கேக்கறா? வாயைத் திறந்தாலே, உனக்கு விக்கத்தான் தெரியும்னு ரெண்டு பேரும் சேர்ந்துல்ல சிரிப்பீங்க.

— நிஜமாவே உனக்கு நல்லா விக்கத் தெரியும்மா. அதைப் பாராட்டித்தானே சொல்றோம்.

— உங்க பாராட்டை அப்புறம் வாங்கிக்கறேங்க. இப்ப விஷயத்துக்கு வாங்க. சுவரெல்லாம் படமாச் சாய்ச்சு வெச்சிருக்கீங்க. அந்தம்மா கை நீட்டினது இந்த ஒண்ணைத்தான். மியூசியத்துல மாட்டினா மாட்டினதுதான், இறக்கவே மாட்டாங்க. கீழ பித்தளைத் தகடு. தகட்டுல ஒரே ஒரு பேரு. அது யாரு பேருன்னு இன்னைக்கே சொல்லலைன்னா, அடுத்த தெருவுல குதிரை வரையறாரே, அவரு வீட்டுக்குப் போறாங்களாம்.

— குதிரைக்காரனா? நாலு காலையும் ஒரே நீளத்துல போடறவன் அவன்.

— குதிரைக்கு அப்படித்தாங்க இருக்கும்.

— எங்க ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லேன் அக்கா. பெருசா ஒரு தகடு வாங்கினாப் போச்சு.

— அதையும் பேசிப் பார்த்தாச்சு. இது ஒரே ஒருத்தர் வரைஞ்சது, பார்த்தாலே தெரியுதுன்னுட்டாங்க. அரை மணி நேரமா பார்த்தவங்களுக்குத் தெரியுது. கூடவே குடித்தனம் பண்றவங்களுக்குத் தெரியலை. ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா இந்தக் கூத்தே இல்லை.

— அது கொள்கைம்மா. க்யூபிசத்தை ஆரம்பிச்சு வெச்ச பிக்காசோவும் பிராக்கும் சேர்ந்து வேலை செஞ்சப்ப, படத்து முன்பக்கம் கையெழுத்தே போடலை. எது யாரோடதுன்னு அவங்களுக்கே குழம்பணும்னு.

— அவங்களாவது பின்பக்கம் போட்டாங்க. நீங்க அங்கேயும் போடலை. பெரியவங்களை விட ஒரு படி மேல போயிட்டீங்க.

— எனக்கு ஞாபகம் இருக்கு அக்கா. நல்ல மழை. ஜன்னல்ல சாரல் அடிக்குது. இந்த மூலையில நின்னு வரைஞ்சுக்கிட்டே இருக்கேன், பக்கத்துல காபி ஆறிப் போச்சு.

— அப்பவே பொய்னு தெரியுதே மாப்ள. உன் கைக்கு வந்த காபி என்னைக்கு ஆறியிருக்கு?

— போதும். பேரம் படியணும்னா சரக்கு தெரியணும். படத்துல என்ன இருக்குன்னு ஆளுக்கு ஒரு தடவை சொல்லுங்க. முதல்ல நீங்க.

— மேசை. மேசை மேல ஒரு மாண்டலின். ஓரமா ஒரு சீசா. சாயங்கால வெளிச்சம்.

— மாண்டலினுக்கு எதுக்குங்க மீசை?

— அது தந்தி.

— இப்படி முறுக்கி விட்ட தந்தியை நான் பார்த்ததே இல்லை. டேய், நீ சொல்லு.

— ஒரு ஆளு உக்காந்து பேப்பர் படிக்கிறான். நிம்மதியா. வீட்டுல யாரும் இல்லை.

— அவனுக்கு எத்தனை கைடா?

— மூணு. ஒண்ணு பேப்பரைப் பிடிச்சிருக்கு. ஒண்ணு பக்கத்தைத் திருப்புது. இன்னொண்ணு வந்து…

— வந்து?

— அது என்ன பண்ணுதுன்னு எனக்கே ரொம்ப நாளாப் புரியலை அக்கா.

— கேட்டுக்கோம்மா. தான் வரைஞ்ச கை தனக்கே புரியலையாம்.

— உங்க மாண்டலினுக்கு மட்டும் கை எதுக்கு மாமா? தானே வாசிச்சுக்கவா?

— சரி, கை கிடக்கட்டும். கீழ ஒரு துண்டு ஒட்டியிருக்கே, நீலக் கட்டம் போட்டது. அது என்ன?

— அது கொலாஜ். பிக்காசோகூட மெழுகுத்துணியை வெட்டி படத்துல ஒட்டியிருக்காரு.

— அவரு அவங்க வீட்டுத் துணியை வெட்டியிருப்பாரு. இது என்னோட சாப்பாட்டு மேசை விரிப்புங்க. என்ன, ரெண்டு பேரும் திடீர்னு தரையைப் பார்க்கறீங்க? அங்க ஒண்ணும் ஒட்டலையே.

— அக்கா, அது பழைய கதை.

— பழைய கதைதான். விருந்தாளி வர்ற அன்னைக்கு விரிப்பை உதறினேன். மூலையில முறத்து அகலத்துக்கு ஓட்டை. யாரு வெட்டினதுன்னு கேட்டேன். நீங்க என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்க. இவன் அம்மா மேல பண்ணினான். அந்த வாரம் பூரா இந்த வீட்டுல அடுப்பு எரியலை, ஞாபகம் இருக்கா?

— வயித்துக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு.

— அப்ப நான் சுத்தி வளைக்க வேணாம். படம் யாரோடதோ, கத்தரிக்கோலும் அவரோடது. பொய்ச் சத்தியமும் அவரோடது. தாராளமா சொல்லுங்க. யாரு படம்?

— மாப்ள படம்.

— மாமா படம் அக்கா.

— டேய், இப்பத்தானேடா மூக்கு உன்னோடதுன்னு சொன்னே?

— அது சீசாக் கழுத்துன்னு நீங்கதான் மாமா சொன்னீங்க. யோசிச்சுப் பார்த்தா நீங்க சொன்னது கரெக்ட். சீசா உங்க ஐட்டம்.

— நான் சீசாவை விட்டு ரொம்ப நாளாச்சு. இங்க பாரும்மா, உள்ளதைச் சொல்லிடறேன். அந்தத் துண்டு ஒட்டியிருக்கறதை நான் அப்பவே பார்த்தேன். பாவம், உன் தம்பி, காட்டிக் குடுக்க வேணாம்னு வாயை மூடிக்கிட்டேன்.

— அய்யோ மாமா, நீங்க வெட்டிட்டீங்கன்னு நினைச்சுத்தானே நான் படத்தையே சுவத்துப் பக்கமாத் திருப்பி வெச்சேன். தூசி படக் கூடாதுன்னு அக்காகிட்ட கதை வேற விட்டேன்.

— அடேங்கப்பா, என்ன பாசம். ஆனா தகட்டுல பாசத்தை எழுத மாட்டாங்க. கடைசி விலை சொல்றேன். ஒத்துக்கறவங்ககிட்ட ஒரு மாசம் பேச மாட்டேன், சோறும் அவங்களே ஆக்கிக்கணும். மியூசியச் சுவருக்கு அது கட்டுபடியாகாதா?

— ஒரு மாசமா? கொஞ்சம் குறைச்சுக்கோம்மா.

— குறைக்கறதுக்கு இதென்ன கத்தரிக்காயா? பொய்ச் சத்தியம்ங்க. அதுவும் என் தலையில.

— பொய்யே இல்லைங்கறேன். நான் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. இது என் படமும் இல்லை.

— சத்தமா.

— இது என் படம் இல்லை.

— நீ?

— அம்மா மேல சத்தியமா இதுல ஒரு கோடுகூட நான் போடலை. தகடு போனாப் போகட்டும் அக்கா, எனக்குச் சோறு வேணும்.

— நல்லா யோசிச்சுக்கோங்க. நாளைக்கு அங்க போய்ப் பார்த்துட்டு, அய்யோ என் மூக்கு, அய்யோ என் சீசான்னு நிக்கக் கூடாது.

— நிக்க மாட்டோம்.

— ரெண்டு பேருமே?

— ரெண்டு பேருமேதான் அக்கா. ஆனா மாமாவும் வெட்டலை, நானும் வெட்டலைன்னா, அந்த விரிப்பை யாருதான் வெட்டினது?

— மேடம், கதவு திறந்துதான் இருக்கு, எல்லாம் காதுல விழுந்திருக்கும். அது எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை, மீசைக்காரர் என் வீட்டுக்காரர், மூக்கன் என் தம்பி, ரெண்டு பேரும் அங்க உக்காந்து கத்தும்போது நடுவுல பரிமாறிக்கிட்டு இருக்கற மூணாவது கை என்னோடது, விரிப்பை வெட்டினதும் படத்தை வரைஞ்சதும் அதே கைதான், பேரை எழுதிக்கறீங்களா?