பஞ்சநாதன் பேரில் ஒரு மூச்சு

— இன்னொரு தடவை பாருங்க சிஸ்டர். பஞ்சநாதன், அரும்பாவூர். அந்தச் சீட்டுதானா?

— மூணு தடவை பார்த்துட்டேங்க. போன வாரம் உங்க ஊர் முகாம்ல மிஷின்ல ஊதினீங்களே, அதோட ரிசல்ட்டுதான். முதல் செகண்டுல வெளிய வரவேண்டிய மூச்சுல பாதிகூட வரலை.

— அப்ப மலேசியா?

— எந்த மலேசியா?

— அங்க ஒரு கோயிலுக்கு மரத்துல மயில் வாகனம் செதுக்கணும். ரெண்டு வருஷ வேலை. நெஞ்சு நல்லாயிருக்குன்னு டாக்டர் கையெழுத்துப் போட்டாத்தான் விசா பேச்சே எடுப்பேன்னுட்டாரு ஏஜெண்ட்.

— போட மாட்டாருங்க. இந்த நெஞ்சோட நீங்க மாடி ஏறி வந்ததே எனக்கு ஆச்சரியம். மூச்சே வாங்கலையே உங்களுக்கு.

— இருமல் மட்டும் உண்டு. காலையில ஆரம்பிச்சா டீக்கடை வரைக்கும் துரத்தும்.

— மூக்குல துணி கட்டுறதில்லையா?

— கட்டினா எப்படி? சாமி கண்ணுல விழற தூளை வாயால ஊதி ஊதித்தானே செதுக்கணும். முப்பது வருஷமா ஊதுற வாய் இது.

— அந்த வாய்தான் மிஷின்ல இந்த லட்சணமா ஊதுச்சாக்கும். சரி, பட்டறையில உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது யாரு?

— தம்பி, செல்லதுரை. உளியைத் தொடவே மாட்டான். நான் செதுக்கித் தள்ளினதை நாள் பூரா தேய்ச்சு வழவழன்னு ஆக்குவான். சொகுசு வேலை. ஒரு இருமல் கிடையாது.

— சொகுசா? பாருங்க, உளியில விழறது செதில், தரையில கிடக்கும். உப்புத்தாள்ல பறக்கிறது மாவு, நேரா நுரையீரலுக்குப் போயிடும். இருமாதவங்களுக்கும் உள்ள கெட்டுப்போயிருக்கும். சாயங்காலமானா ஓஞ்சு படுத்துடுவாங்க, களைப்புன்னு நெனச்சுக்குவாங்க.

— ஆமா... இப்பல்லாம் வெளக்கு வைக்கிறதுக்குள்ள படுத்துடறான்.

— எங்க கிளம்பிட்டீங்க? உட்காருங்க.

— திட்டாதீங்க சிஸ்டர். முகாம்ல ஊதினது நான் இல்லை. இந்த இருமலோட போனா தேற மாட்டேன்னு, என் ஆதார் அட்டையைக் குடுத்து அவனை அனுப்பினேன். ரெண்டு பேரும் ஒரே ஜாடை. யாரும் கேட்கலை.

— அவர் இப்ப எங்க இருக்காரு?

— பட்டறையிலதான். நீ போயிக் கையெழுத்து வாங்கிட்டு வாண்ணே, இன்னிக்கு உன் வேலையையும் நானே பார்த்துக்கறேன்னான். தூசி பறக்குதுன்னு பக்கத்து வூட்டுல சத்தம் போட்டாங்க, கதவு ஜன்னலெல்லாம் சாத்திட்டுத் தேய்ச்சுகிட்டிருக்கான்.